ஆறு மணிப் போணி

வில்லியனூர் கடைத்தெருவில் கயிறும் சாக்கும் விற்கிறவன் நான். வாளி, துடைப்பம், மண்வெட்டி, கோணி ஊசி, பாய், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, மழைக்குத் தார்ப்பாய் எல்லாம் உண்டு. அப்பா வைத்த கடை. காலை ஆறு மணிக்குத் திறந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தால், முதல் வியாபாரம் என் கையால் நடக்கிறவரைக்கும் இறங்க மாட்டேன். அதுதான் போணி. காபி வந்தால்கூட ஓரமாக வைத்துவிடுவேன், ஆறட்டும். போணி ஆகாமல் கடையை விட்டு இறங்கினால் அன்றைக்குப் பூராவும் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்பது அப்பாவின் நம்பிக்கை. அவர் போனபிறகு அது என் நம்பிக்கை ஆகிவிட்டது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஒரு கடை வைத்துப் பார்த்தால் தெரியும்.

இப்படிப்பட்ட ஒருவனை உட்காரவைத்து, "தெனமும் காலையில ஒரு மணி நேரம் வேகமா நடக்கணும், சட்டை நனையணும்" என்று ஒரு டாக்டரம்மா சொன்னால் அவன் என்ன செய்வான்?

டாக்டரம்மா அதைச் சும்மா சொல்லவில்லை. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துபோயிருந்தன. ரத்தக் கொதிப்பு சத்தம் போடாமல் இருந்தே தின்று தீர்த்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் மத்தியானம் அவளை ஸ்கூட்டரில் உட்காரவைத்து, கரிக்கலாம்பாக்கம், பாகூர் என்று சுற்றிக்கொண்டு பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்யக் கூட்டிப்போவேன். நாலு மணி நேரம் மெஷினில் கிடப்பாள். கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டு இழுக்கும். பல்லைக் கடித்துக்கொள்வாளே தவிர வாயைத் திறந்து அம்மா என்று சொல்லமாட்டாள். நான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருப்பேன். திரும்பி வரும்போது என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு வருவாள். அவ்வளவு களைப்பு.

எத்தனை நாளைக்கு இப்படி? மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். என் மாமியாருக்கு வயதாகிவிட்டது. மச்சானுக்குச் சர்க்கரை. மகள் கல்லூரியில் படிக்கிறவள், அவளிடம் எடுப்பதற்கு நாங்கள் இருவருமே சம்மதிக்க மாட்டோம். மிச்சம் இருந்தது நான். என் ரத்தம் அவளுக்குச் சேரும் என்று தெரிந்த அன்றைக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் கல்யாணப் பொருத்தத்தைக்கூட நான் அவ்வளவு சந்தோஷமாகக் கேட்கவில்லை.

அந்தச் சந்தோஷம் டாக்டரம்மாவின் அறைக்குள் போகிறவரைதான்.

"கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு. ஆளுதான் சரியில்ல" என்றார். என் தொப்பையைப் பார்த்துத்தான் சொன்னார். எடை ஏகத்துக்கு இருக்கிறது, சர்க்கரை எல்லையில் நிற்கிறது, கல்லீரலில் கொழுப்பு. "இப்ப உங்ககிட்டேர்ந்து ஒண்ண எடுத்தா, கொஞ்ச வருஷத்துல நீங்களும் அவங்க பக்கத்து பெட்ல வந்து படுப்பீங்க. ஒடம்ப எறக்கிட்டு வாங்க, எடுத்துக்கறேன். எறக்காம வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்." இப்படி முகத்துக்கு நேரே பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

ஸ்கூட்டரில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் முதுகுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"வேணாங்க. உங்க ஒடம்ப அறுத்து எனக்கு வெக்கறதா? ஒருத்தி படுத்துங்கெடக்கறது போதாதா? எனக்கு இந்த ஊசியே போதும். இப்பிடியே இருந்துட்டுப் போறேன்."

"சும்மா வா" என்றேன். எதிரில் கரும்பு லாரி வந்துகொண்டிருந்தது.

அப்போது மார்கழி பிறந்திருந்தது. கடை திறப்பதற்கு முன்பே நடந்துவிட்டால் போணிக்குப் பங்கம் வராது என்று கணக்குப் போட்டேன். எங்கள் பெரிய கோயிலைச் சுற்றி விடியற்காலையில் பஜனை கோஷ்டி போகும். அவர்களோடு சேர்ந்து நடந்தேன். ஜால்ரா சத்தமும் பனியும் கோலங்களுமாக நன்றாகத்தான் இருந்தது. உடற்பயிற்சிக்கு உடற்பயிற்சி, புண்ணியத்துக்குப் புண்ணியம். மாசக் கடைசியில் ஆஸ்பத்திரியில் எடை மெஷின்மீது தைரியமாக ஏறி நின்றேன். முன்பு இருந்ததைவிடக் கூடியிருந்தது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கூட வந்திருந்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, நீ டெய்லி நடந்தியா, துன்னியா?"

இரண்டும்தான். பஜனை முடிந்ததும் கோயிலில் தொன்னையில் பொங்கல் கொடுப்பார்கள். ஒரு நாள் வெண்பொங்கல், ஒரு நாள் சர்க்கரைப் பொங்கல், நெய் விரல் இடுக்கில் வழியும். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்கிற வாய் எங்கள் குடும்பத்தில் யாருக்குமே வாய்க்கவில்லை. போதாததற்கு என் மனைவிக்காகத்தான் நான் கோயிலைச் சுற்றுகிறேன் என்று யாரோ சொல்லிவிட, கரண்டி பிடிக்கிறவர் மனமிரங்கி எனக்கு மட்டும் இன்னொரு கரண்டி போட்டுவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? அவர் என் மனைவி பிழைக்க வேண்டும் என்று நினைத்துத்தான் அந்த நெய்யை ஊற்றினார்.

மார்கழி போயிற்று, பஜனை கோஷ்டியும் போயிற்று. அதே இருட்டில் தனியாக நடக்கப் போனால் தெருநாய்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தன. இரண்டாம் நாள் ரயில்வே கேட் வரைக்கும் துரத்தின. அன்றைக்கு ஓடியதுபோல என் வாழ்நாளில் ஓடியதில்லை. நாய் கடித்து ஊசி போட்டுக்கொண்டு படுத்தால் எல்லாம் தள்ளிப்போகும் என்று மகள் பயந்தாள். "வெளிச்சம் வந்தப்புறம் நடப்பா. நான் கடையில உக்காந்துக்கறேன்" என்றாள். அவளுடைய கல்லூரி பஸ் ஏழரை மணிக்குத்தான் முக்குக்கு வரும். அதுவரைக்கும் கல்லாவைப் பார்த்துக்கொள்வாள். கடையில் எனக்கு ஒத்தாசையாக இருக்கும் பெரியவர் ஒன்பது மணிக்குமேல்தான் வருவார்.

திட்டம் நல்ல திட்டம்தான். குறுக்கே நின்றது போணி. என் கையால் முதல் வியாபாரம் நடந்தால்தானே நான் இறங்குவேன்? சில நாள் பாகூர்ப் பக்கத்து விவசாயி யாராவது ஆறேகாலுக்கே வந்து கயிறு கேட்பார். பல நாள் ஏழரை ஆனாலும் ஒரு ஈ காக்கை வராது. மகள் பஸ்ஸுக்குப் போய்விடுவாள். நடைக்கான செருப்பை மாட்டிக்கொண்டு கல்லாவிலேயே உட்கார்ந்திருப்பேன். அந்தச் செருப்பைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வரும். போணி வேண்டாம் என்று இறங்கிப் போகவும் மனம் வராது. பெண்டாட்டி உடம்பு இப்படிக் கிடக்கும்போது ராசியைச் சீண்டிப் பார்க்கலாமா? ஏதாவது ஆகிவிட்டால்? பயம்தான், வேறென்ன.

சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவேன். தெருவிலிருந்து பார்த்தால் என் தலை மட்டும் மேலே வரும், கீழே போகும். பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா மொதலாளி, புள்ளையாருக்கு வேண்டுதலா? காதப் புடிச்சுக்கப்பா, இல்லாட்டி கணக்குல சேராது" என்பார். கயிற்றுச் சுருளைத் தலைக்குமேல் தூக்கி இறக்குவேன். அதைப் பார்த்து ஒரு வாடிக்கையாளர், வெயிட்டைப் பார்த்து விலை சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் எனக்குத் தொந்தரவே இருக்கவில்லை. என் மனைவிக்குக் காய்கறியை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். உப்பு பேருக்குத்தான். வாழைப்பழம், இளநீர் எதுவும் கூடாது. தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். அவள் அப்படிச் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து நான் அப்பளம் நொறுக்கினால் நான் மனுஷனா? அவள் கறியையே எனக்கும் போடச் சொன்னேன். முதல் நாள் வாயில் வைத்ததும் எனக்குக் கண்ணீர் வந்தது. ருசிக்காக இல்லை. இத்தனை மாதமாக இவள் இதையா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், ஒரு நாளாவது சொன்னாளா என்று நினைத்து வந்தது.

அவள் சொல்லமாட்டாள். என் நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். நடந்தீங்களா, நடக்கலியா, எடை குறைஞ்சுதா, ஊஹூம். நடக்காமல் வந்த நாளில் நானாகப் புலம்பினால் துணி மடிக்கப் போய்விடுவாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். யாருக்காக இந்தக் கூத்து? இவளுக்கே வேண்டாம் என்றால் நான் எதற்கு நாயிடம் கடிபட வேண்டும்? இப்படியெல்லாம் உள்ளுக்குள் கறுவிக்கொண்டு, மறுநாள் காலை மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தை மாதம் பாதியில் என் ராசி திரும்பியது.

ஒரு நாள் கற்பூரம் அணைவதற்குள் எதிர்க்கடைப் பூக்கார அம்மா வந்து நின்றார். என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவர். "ஒரு உருண்ட சணலு குடுண்ணே" என்றார். சரியாக ஆறு மணி. கொடுத்தேன், காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டேன், மகளைக் கூப்பிட்டேன், இறங்கி நடந்தேன். பாலம் வரை போய் ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். சட்டை நனைந்திருந்தது. டாக்டரம்மாவிடம் அந்தச் சட்டையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்போல இருந்தது.

மறுநாள் டீக்கடைக்காரர் துடைப்பம் வாங்க வந்தார். அதற்கடுத்த நாள் வாழைப்பழ மண்டிக்காரர் வாளி கேட்டார். பாத்திரக்கடைக்காரர் கோணி ஊசி கேட்டார். தினமும் ஆறடித்தால் யாராவது ஒருவர் வந்துவிடுவார். பேரம் இல்லை, பேச்சில்லை. நானும் நடந்தேன். பாலத்தைத் தாண்டி நடந்தேன். கால்வலி போயிற்று, மூச்சு வாங்குவது குறைந்தது, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. சங்கராபரணி ஆற்றில் தண்ணீர் இருக்கிறதோ மணல் இருக்கிறதோ, அந்த இளவெயிலில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, என்றாவது ஒரு நாள் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு இங்கே வருவேன் என்று மனம் சொல்லும். உடனே பயமாக இருக்கும். அப்படியெல்லாம் ஆசைப்படக் கூடாது என்று வேகமாகத் திரும்பிவிடுவேன்.

எல்லாம் நடையால் வந்த ராசி என்று நான் முடிவு கட்டிவிட்டேன். சும்மா இருந்தேனா? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தெருவுக்கே உபதேசம் செய்தேன்.

"பாருங்கப்பா, நான் நடக்க ஆரம்பிச்சதும் மகாலட்சுமி ஆறு மணிக்கெல்லாம் வந்து நிக்கறா. ஒடம்பு சுறுசுறுப்பா இருந்தா வியாபாரமும் சுறுசுறுப்பா இருக்கும். நீங்களும் நடங்க."

டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, "ஆமாமா" என்றார். பூக்கார அம்மாவைப் பார்த்து, "உனுக்கும்தாம்மா சொல்றேன்" என்றேன். அவர் குனிந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலையில் திடீரென்று ஒரு மழை. நடையிலிருந்து திரும்பும்போது முழங்கால் வரை சேறு. டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீ ஒன்று சொல்லிவிட்டு, கால் கழுவப் பின்பக்கம் போனேன். அங்கே சுவரோரமாகத் துடைப்பங்கள் அடுக்கி வைத்திருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. என் கடைத் துடைப்பம் எனக்குத் தெரியாதா? அடியில் சிவப்புக் கயிறு கட்டுவது நான்தான். பக்கத்தில் சணல் உருண்டைகள், வாளிக்குள் வாளி, அதற்குள் கோணி ஊசிப் பொட்டலங்கள். தெருவில் இருக்கிறவர்கள் வாங்கியதெல்லாம் ஒரே இடத்தில்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வியாபாரிக்கு என்ன தோன்றுமோ அதுதான். ஆள் வைத்து வாங்கிச் சேர்க்கிறான், எனக்கு எதிரிலேயே போட்டிக் கடை போடப்போகிறான்!

"அடப்பாவி!" என்று சேற்றுக் காலோடு முன்னால் வந்தேன். "டீ ஆத்தறதோட நிறுத்திக்க மாட்டியா? என் சரக்கையே வாங்கி எனக்கே போட்டியா? எம் பொண்டாட்டி சாவப் பொழைக்கக் கெடக்கறா, இந்த நேரத்துல என் வயித்துலயா அடிப்ப?" பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் எழுந்துவிட்டார்கள். அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ஒரு பதில் சொல்லவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. இன்னும் என்னென்னவோ கத்தினேன்.

பூக்கார அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "கத்தாதண்ணே. பாவம்ணே அவுரு. சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு, அதான் பேசாம நிக்கறாரு."

"யாரு?"

"வேற யாரு, அண்ணிதான்."

எனக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். பொங்கல் முடிந்து இரண்டு வாரத்தில் என் மனைவி அவருக்கு போன் செய்திருக்கிறாள். "அவுரு போணி ஆவாம கால கீழ வெக்க மாட்டாரு. அவுரு அப்பா பழக்கி வுட்டது, சாமி வந்து சொன்னாலும் மாத்திக்க மாட்டாரு. யாராச்சும் ஒருத்தரு ஆறு மணிக்குப் போயி இன்னா வேணா வாங்குங்க. அவுரு நடக்கட்டும்." கேட்டது அவ்வளவுதானாம். ஏன் அண்ணி நீயே அண்ணன்கிட்ட சொல்லக் கூடாதா என்று இவர் கேட்டிருக்கிறார்.

"ஒடனே அழுதுச்சுண்ணே. 'எனுக்கு இன்னும் கொஞ்ச நாளு இருக்கணும்னு ஆசையா இருக்குடி. அத அவுருகிட்ட கேக்க வாய் வரல' அப்பிடின்னுச்சு."

நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டீக்கடைக்காரர் சர்க்கரை இல்லாத டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அவ்வளவு பேச்சு கேட்ட மனிதர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், டீ வேட்டியில் கொட்டியது, அவர்தான் துண்டால் துடைத்தார். "விடு மொதலாளி. நம்மூட்டு விஷயந்தான" என்றார். நாற்பது வருஷமாக இந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கிறேன். இவர்களோடு வாசல் சாக்கடைக்குச் சண்டை போட்டிருக்கிறேன், பந்தல் கால் நட்டதற்குச் சண்டை போட்டிருக்கிறேன். இவர்கள் தேவையில்லாத துடைப்பத்தை வாங்கி, என் கண்ணில் படாமல் இங்கே அடுக்கிக்கொண்டு, மகாலட்சுமியைப் பற்றிய என் உபதேசத்தையும் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். இதற்கு நான் என்ன கைம்மாறு செய்ய?

வீட்டுக்குப் போனேன். அவள் அடுக்களையில் காய் வேகவைத்த தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். டயாலிசிஸ் ஊசி குத்துகிற கையில் கனம் தூக்கக் கூடாது என்பதால் பாத்திரத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

"ஆசையா இருக்குன்னு எங்கிட்டச் சொன்னா இன்னா?" என்றேன். கோபமாகத்தான் கேட்க நினைத்தேன். குரல் கோபமாக வரவில்லை.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. முந்தானையால் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கடையில கேட்டு வாங்குற சாமானா அது?" என்றாள்.

"அப்ப வேணாம் வேணாம்னு சொன்னது?"

"வேணும்னு சொல்லி, உங்களுக்கு எதுனா ஆயிட்டா? பொண்ணு மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?" அழுகையை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "ஆனா உங்ககூட இன்னும் இருக்கணும்போல இருக்குங்க. எனுக்கு பயமா இருக்கு."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. புடவைகூட நானாக எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. "நீ கேக்கலன்னாலும் குடுக்கத்தாம்மா போறேன்" என்றேன். "கேட்டீன்னா சந்தோஷமா குடுப்பேன்."

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி. குடுங்க" என்றாள்.

மறுநாள் காலை கடையைத் திறந்து, கற்பூரம் காட்டி, மகளைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு இறங்கிவிட்டேன். அப்பாவை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது உண்மை. பூக்கார அம்மா சில்லறையோடு வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். கும்பிட்டு, போதும் தாயே என்று சொல்லிவிட்டு நடந்தேன். நான் திரும்பி வருவதற்குள் மகள் ஒரு தார்ப்பாயும் இரண்டு மண்வெட்டியும் விற்றிருந்தாள். டீக்கடைக்காரரிடம் துடைப்பங்களைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வாங்கினது வாங்கினதுதான் என்றுவிட்டார். எங்கள் தெருமுக்கு இன்றைக்கும் படு சுத்தமாக இருக்கும்.

அதற்கப்புறம் நடை எனக்குச் சுமையாகவே இல்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் என் இலையிலிருந்து ஜாங்கிரியை எடுத்துவிடுவார். முன்பென்றால் சண்டைக்குப் போயிருப்பேன். மழை பெய்த நாளில் பாத்திரக்கடைக்காரர் தன் குடோனைத் திறந்துவிட்டு, உள்ளேயே சுற்றிச் சுற்றி நடக்கச் சொன்னார். அண்டா குண்டாக்களுக்கு நடுவே நடந்தேன். என் மனைவியும் மாறியிருந்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வேர்த்துதா?" என்று உள்ளேயிருந்து கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காகவே சில நாள் ஒரு சுற்று கூடுதலாக நடந்திருக்கிறேன்.

வைகாசியில் எல்லாப் பரிசோதனையும் மறுபடி எடுத்தார்கள். டாக்டரம்மா தாள்களைப் புரட்டினார், என்னைப் பார்த்தார், மறுபடி புரட்டினார். "ம். ஆளும் சரியாயிட்டாரு" என்றார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உறுப்பு கொடுப்பவரைக் கூப்பிட்டு விசாரிக்கிற கமிட்டி ஒன்று உண்டு. யாராவது கட்டாயப்படுத்தியதால் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் ஐயா, மொத்தக் கடைத்தெருவும் என்று சொல்ல நாக்கு துறுதுறுவென்றது. அங்கெல்லாம் தமாஷ் பண்ணித் தொலைக்காதே என்று மகள் முன்கூட்டியே மிரட்டியிருந்ததால், "என் சொந்த விருப்பத்துல குடுக்கறேங்க" என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

தேதி ஆடி மாதத்தில் விழுந்தது. ஆடியில் எங்கள் ஆட்கள் ஒரு நல்ல காரியமும் தொடங்கமாட்டார்கள். மாமியார் தயங்கினார். மாசம் பார்த்துக்கொண்டிருந்தால் மனுஷி இருக்கமாட்டாள் என்று நான் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அன்று காலை என்னைத்தான் முதலில் உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் போகும்போது அவள் கையை நீட்டினாள். இருவர் கையிலும் ஊசி செருகியிருந்ததால் விரல் நுனிகளை மட்டும் தொட்டுக்கொண்டோம்.

கண் விழித்தபோது சாயங்காலம். விலாவில் நெருப்பை வைத்தாற்போல வலி. அவள் எங்கே, எப்படி இருக்கிறாள், யாரும் சொல்லவில்லை. வைத்துவிட்டார்கள், வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று மட்டும் நர்ஸம்மா சொன்னார். சில பேருக்கு உடனே வேலை செய்யாது, சில பேருக்கு நாளாகும், சில பேருக்கு என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வேண்டாத தெய்வம் பாக்கியில்லை.

வராந்தாவில் யாரோ தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. என் மகள். ஓடாதம்மா என்று யாரோ அதட்டுகிறார்கள். அவள் வார்டு வாசலிலேயே நின்று, முகமூடியை இழுத்துவிட்டுக் கத்தினாள்.

"அப்பா! அம்மாவுக்கு ஒண்ணுக்கு வந்துடுச்சுப்பா!"

அந்த வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வயசுப்பெண் ஊர் கேட்க இதைக் கத்திச் சொல்லி யார் கேட்டிருப்பார்கள்? பக்கத்துப் படுக்கைக்காரர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு வருஷத்துக்கு மேலாக என் மனைவிக்குச் சொட்டுச் சிறுநீர் கிடையாது. இப்போது குழாயில் மாட்டிய பை நிறைய நிறைய மாற்றுகிறார்களாம், மாற்ற மாற்ற நிறைகிறதாம். மகள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், நர்ஸம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே எங்களை அதட்டினார்.

மறுநாள் காலை மகளுடைய போனை என் காதில் வைத்தார்கள். அந்தப் பக்கம் அவள். குரல் கம்மிப்போயிருந்தது.

"இன்னா பண்றீங்க? வலிக்குதா?"

"வலிக்குதுதான். உனுக்கு? எப்பிடி இருக்குது என்னுது?"

சிரிக்கப் பார்த்து, தையல் இழுத்ததோ என்னவோ, ஸ் என்றாள்.

"உங்களாட்டம் இல்லங்க" என்றாள். "போணிக்குன்னு காத்துங்கெடக்கல. வந்து படுத்த ஒடனே வேலைய ஆரம்பிச்சிடுச்சு."